இடக்கை மேலே

வெள்ளை உடையின் கீழ்மடிப்பில் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, தையற்காரியின் மனக்கண்ணில் நூல் இல்லை. ஆர்கன் அத்தையின் காதுமடல் இருந்தது.

"பல்லால கடிக்காதேம்மா. எச்சில் பட்டா கறையாயிடும்," என்றாள் பொடிசு.

"பட்டா காயும். நீ போய்த் தலையை வாரு, நேரமாச்சு."

"சபைக்குப் போனதும் அத்தை பின்னி விடறேன்னு சொல்லியிருக்காங்க."

தையற்காரி இன்னொரு முறை கடித்தாள். கடிப்பதற்கு அங்கே நூலே இல்லை.

பொடிசு என்பது கைக்குழந்தையாய் இருந்தபோது வந்த பெயர். இப்போது அவள் தாயைவிட ஒரு பிடி உயரம். பெயர் மட்டும் வளராமல் நின்றுவிட்டது.

இக்குடும்பத்தை வாராவாரம் சந்திக்கிறவர்களுக்கு முன்கதை வேண்டியதில்லை; இன்று புதிதாய்ப் படியேறியவர்களுக்காகச் சில சொற்கள். தையற்காரி கத்தோலிக்கப் பிறப்பு. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தீட்டுகிற அவள் கணவர், லுத்தரன் சபையின் மூப்பர்களுள் ஒருவர். அவள் தன் கோயிலை விடவேண்டியதில்லை, பிறக்கும் பிள்ளை தகப்பன் சபையில் வளரும் என்று திருமணத்தின்போதே இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தனர். அந்தப் பேச்சுக்கு இன்று தவணை வந்திருக்கிறது. பொடிசுக்கு இன்று திடப்படுத்தல்; அப்பமும் கிண்ணமும் முதன்முதலாக அவள் கைக்கு வரும் நாள்.

அச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. திடப்படுத்தல் பெற்ற பிள்ளை முதற்பந்திக்கு வரும்போது, பெற்றவர்கள் இருவரும் அதன் இரு பக்கத்திலும் முழந்தாளிட்டு உடன் வாங்குவார்கள். ஒரு பக்கம் தந்தை, சரி. மறுபக்கம்? கத்தோலிக்கர் பிற சபையின் பந்தியில் நற்கருணை வாங்கலாகாது என்பது தையற்காரி அறிந்து வளர்ந்த சட்டம்.

"நீதான் வர முடியாதேம்மா. அந்தப் பக்கம் ஆர்கன் அத்தை முழங்கால் போடட்டுமா?" என்று சென்ற வாரம் பொடிசு கேட்டாள். "யாரு வேணும்னாலும் போடட்டும், எனக்கென்ன," என்று தாய் சொன்னாள். அன்று அவள் தைத்த மூன்று சட்டைகளுக்கும் கை மாறிப்போயிற்று.

ஆர்கன் அத்தை யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக்காரருக்கு அவள் சொந்த அத்தை மகள். ஒரு காலத்தில் பெரியவர்கள் இருவருக்கும் முடிச்சுப் போட நினைத்தார்கள்; பிறகு அது பேச்சோடு நின்றுபோனது. அவள் இன்னும் மணமாகாமல், அந்தச் சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறாள். முறைப்படி பார்த்தால் பொடிசு அவளைச் சித்தி என்று அழைக்கவேண்டும். அந்தச் சொல் தகப்பனின் இரண்டாம் மனைவிக்கும் பொருந்துமே என்று பதறிய தையற்காரி, குழந்தை மழலை பேசத் தொடங்கிய அன்றே தடையுத்தரவு போட்டாள். "அத்தைன்னு சொல்லு. அத்...தை." அத்தை என்றால் கணவருக்குத் தங்கை ஆகிறாள்; தங்கை என்றால் கவலையில்லை. ஆனால் அந்தத் தங்கையோ இன்றுவரை அவரை வாய் நிறைய 'அத்தான்' என்றுதான் அழைக்கிறாள்!

இவற்றையெல்லாம்கூடத் தையற்காரி பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது அந்தக் கிண்ணம்.

ஆர்கன் வாசிப்பவளும் பந்தியை ஒழுங்குசெய்யும் மூப்பரும் ஊழியம் முடிந்த பிறகு, எல்லாருக்கும் கடைசியாகத்தான் வாங்க முடியும். ஆகவே ஒவ்வொரு முறையும் கடைசிப் பந்தியில் அவ்விருவரும் மட்டும் அருகருகே முழந்தாளிடுவர். கிண்ணம் ஒன்றே. முதலில் அவள், பிறகு இவர். இடையில் போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைச் சற்றுத் திருப்பிக் கொடுப்பார். விசேஷ நாள்களில் மட்டும் அங்கே வந்து பின்வரிசையில் உட்காரும் தையற்காரி, அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன துடைத்து என்ன? தன் கணவரோடு ஒரே கிண்ணத்தில் வாய் வைக்க, பதிவு அலுவலக முத்திரை குத்திய மனைவிக்கு உரிமையில்லை. வேண்டாமென்று விடப்பட்ட முறைப்பெண்ணுக்கு உரிமை உண்டு. இது எந்த ஊர் நியாயம்?

"அக்கா, ரொட்டி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே தம்பி உள்ளே வந்தான். பம்பு, மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம் என்று ஊரிலுள்ள எல்லாவற்றையும் அவிழ்த்து மாட்டுகிறவன் ஆதலால் அவனுக்கு மோட்டார் என்று பெயர். தாய் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் தையற்காரி.

"பூசைக்குப் போனியா காலையில?"

"நேத்து சாயங்காலமே போயிட்டேன்க்கா. இன்னிக்கு அங்கே ஆர்கனுக்குக் காத்து ஊதற மோட்டாரைப் பார்க்கணும். நடுவுல நின்னுட்டா மானம் போயிடும்."

"வாரம் தவறாம ரிப்பேராகுது அந்த மோட்டாரு. மாத்தித் தொலைக்கச் சொல்லேன்."

"பழைய மோட்டாருக்கா. பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்," என்று சொல்லி, ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான்.

கண்ணாடிக்காரர் கழுத்துப்பட்டியோடு போராடியபடி வந்தார். "இந்தாம்மா, இதைக் கொஞ்சம் நேராக்கி விடு. உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"ஊசி காணாமப் போனமாதிரி."

"உங்க கடையில ஊருக்கெல்லாம் கண்ணு தெரியவைக்கிறீங்க. வீட்டுல என்ன நடக்குதுன்னு பார்க்க உங்களுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கங்க," என்று அவள் முடிச்சை இறுக்கினாள். அவர் இருமினார்.

அவள் ஒரு முடிவோடு இருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

முந்தைய நாள் பிற்பகல் அவள் இரண்டு வாசல்களை மிதித்திருந்தாள். முதல் வாசல் தன் கோயில். ஃபாதர் ஓர் ஏணியின் நடுப்படியில் நின்று மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நாளைக்கு அங்கே பிள்ளை பக்கத்துல நானும் வாங்கலாமா?"

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். "வாங்கறதுக்கு நம்ம சபையில அனுமதி இல்லம்மா. போங்க, பாடுங்க, கூட இருந்து ஜெபம் பண்ணுங்க. ஒரே பந்தியில வாங்கறோம்னா ஒரே சபையாயிட்டோம்னு அர்த்தம். இன்னும் ஆகலையே. ஆகாததை ஆனமாதிரி காட்டறது பொய்யாயிடும் இல்லையா?"

"எப்போ ஆகும்?"

"பேசிட்டுத்தான் இருக்காங்க. பிரிஞ்சுதான் நூறு நூறு வருஷமாச்சு."

"அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள என் பொண்ணு பேரன் எடுத்துடுவா, ஃபாதர்."

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. எதுக்காக அங்கே வாங்கணும்னு தோணுது?" என்றார்.

"பிள்ளைக்காக."

"பிள்ளைக்காக மட்டும்தானா?"

"வேற எதுக்காம்?" என்றாள் அவள், வேண்டியதற்கு மேல் உரக்க. ஃபாதர் கையிலிருந்த அழுக்குத் துணியை மடித்துக்கொண்டே நின்றார்.

இரண்டாம் வாசல் லுத்தரன் போதகரின் வீடு. அவர் வாதாடவில்லை. "பந்தி என்னோடது இல்லம்மா. கூப்பிடறவர் வேற. ஞானஸ்நானம் வாங்கினவங்க, அந்த அப்பத்துல ஆண்டவர் இருக்கார்னு நம்பறவங்க யார் வந்தாலும் நான் எழுப்பி அனுப்ப மாட்டேன். ஆனா உங்க சபை வேண்டாம்னு சொல்றதை மீறி வாங்கன்னு நான் இழுக்கவும் மாட்டேன். உங்க மனசாட்சிதான்." அவரும் கேட்டார்: "எதுக்காக வாங்கணும்னு நினைக்கிறீங்க?"

"பிள்ளைக்காக," என்று அங்கேயும் சொன்னாள். இரண்டாம் முறை சொன்னபோது அது தேய்ந்த பொத்தானைப்போல் வழுக்கியது.

ஒரே ஞானஸ்நானத்தை இரு சபைகளும் ஏற்கின்றன. ஒரே விசுவாச அறிக்கையை ஓதுகின்றன. ஒரே கடையில் மெழுகுவர்த்தி வாங்குகின்றன. ஒரு கூரையின்கீழ் ஒரு பானைச் சோறு உண்ணும் கணவனும் மனைவியும், ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு அப்பத்தின்முன் மட்டும் அயலார் ஆகவேண்டுமாம்! ஆண்டாண்டாய்க் கூடிக் கூடிக் கலையும் அறிஞர்கள், ஒரு தையற்காரியின் சமையலறையில் ஒரு வாரம் தங்கியிருந்தால் விரைவில் முடிவுக்கு வந்திருப்பார்கள். அவள் இரவெல்லாம் இவ்வாறு கொதித்தாள். விடிந்தபோது கொதிப்பு அடங்கி, அடியில் ஒன்று மட்டும் தங்கியிருந்தது: வாங்கியே தீருவேன். அவளுக்குமுன் வாங்குவேன்.

சபை நிறைந்திருந்தது. தையற்காரி வழக்கமான பின்வரிசையில் உட்கார்ந்தாள். வெள்ளையுடைப் பிள்ளைகள் முன்வரிசையில். பொடிசின் பின்னல் பளபளத்தது; அதன் முனையில் கட்டியிருந்த வெள்ளை நாடா தாய் வைத்த நாடா அன்று. இவள் வைத்தது பருத்தி. அங்கே மின்னியது பட்டு. தலையைப் பின்னும் சாக்கில் நாடாவையும் மாற்றிவிட்டாள், பார்த்தீர்களா!

ஆர்கன் முழங்கியது. மேல்மாடத்தில் ஆர்கன் அத்தையின் முதுகு தெரிந்தது. அவளுக்குச் சற்றுத் தள்ளி, மோட்டார்ப் பெட்டிக்குப் பக்கத்தில், தம்பி கைகட்டி நின்றான். அந்த மோட்டார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் அறிக்கை சொன்னார்கள். போதகர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்தார். பொடிசு தெளிவாய்ப் பேசினாள், ஓரிடத்தில் மட்டும் குரல் கம்மிற்று. பிறகு திருவிருந்து. ஆர்கன் நின்றது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பந்தியாக எழுந்து முன்னே வரத் தொடங்கியது.

பொடிசின் முறை வந்தது. கண்ணாடிக்காரர் எழுந்து மகளின் வலப்பக்கம் நடந்தார். மேல்மாடப் படியிலிருந்து ஆர்கன் அத்தை இறங்கி வந்து இடப்பக்கம் சேர்ந்துகொண்டாள். மூவரும் பீடத்தின்முன் இருந்த கிராதியை நோக்கி நடந்தார்கள். பின்னாலிருந்து பார்க்க, தாய் தந்தை பிள்ளை என்று யாரும் எழுதி ஒட்டவேண்டிய தேவையே இல்லை.

தையற்காரி எழுந்தாள்.

நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டு மூன்று தலைகள் திரும்பின. கிராதிக்கு வந்தபோது மூவரும் முழந்தாளிட்டுவிட்டார்கள். பொடிசுக்கும் ஆர்கன் அத்தைக்கும் நடுவே ஒரு கைக்குட்டை விரிக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ," என்றாள் தையற்காரி.

ஆர்கன் அத்தை அண்ணாந்து பார்த்தாள். சட்டென்று நகர்ந்தாள். தையற்காரி அந்த இடத்தில் தன்னைத் திணித்து முழந்தாளிட்டு, மகளின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அம்மா!" என்று மூச்சாய்ச் சொன்னாள் பொடிசு. கண்ணாடிக்காரர் மகளின் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்த பார்வையில், கண்ணாடி இருந்தும் ஒன்றும் விளங்காத திகைப்பு இருந்தது.

போதகர் வலக்கோடியிலிருந்து வந்தார். கண்ணாடிக்காரரின் உள்ளங்கையில் அப்பம். பொடிசின் உள்ளங்கையில் அப்பம். அடுத்தது தான். இனி என்ன நடக்கும் என்பதைத் தையற்காரி முன்பே நூறு முறை பார்த்துவிட்டாள். அப்பம் வரும். கிண்ணம் வரும். கணவர் வாய் வைத்தது மகளிடம் வரும், மகள் வாய் வைத்தது தன்னிடம் வரும். தான் வாய் வைத்ததுதான் அவளுக்குப் போகும். துடைத்துக் குடிக்கட்டும். இத்தனை ஆண்டுகளாய்த் தான் துணியைப் பார்த்ததுபோல் இன்று அவள் பார்க்கட்டும்.

போதகரின் விரல்கள் அருகே வந்தன. அவளுடைய பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருந்ததை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். காலையில் இல்லாத நூலைக் கடித்த அதே பற்கள்.

இதையா, இந்தப் பல்லாலா?

அவளுக்கு எந்த ஒளியும் தெரியவில்லை. எந்தக் குரலும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கள்ளத்தனமாய் ஒன்றைத் தின்னப்போகும்போது யாரோ விளக்கைப் போட்டுவிட்ட வெட்கம். நீட்டியிருந்த கைகளை இழுத்து மார்பின்மேல் குறுக்கே மடித்துக்கொண்டாள், வலக்கை மேலே. நற்கருணை வாங்க இயலாதவர்கள் ஆசி மட்டும் கேட்பதற்கு அவள் கோயிலில் செய்கிற வழக்கம் அது.

லுத்தரன் போதகர் தம் சபையில் அதைக் கண்டதில்லை. ஒரு நொடி விழித்தார். பிறகு புரிந்துகொண்டு, அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அவள் தலைமேல் கை வைத்து மெல்ல ஆசி சொன்னார். தன் கோயிலாய் இருந்தால் அந்த நொடியே எழுந்து நடந்திருப்பாள். இங்கே அது முடியாது. பந்தி முழுவதற்கும் சேர்த்துப் போதகர் விடைகொடுக்கும்வரை எவரும் எழக்கூடாது. தான் தோற்ற இடத்திலேயே முழந்தாளில் நின்று, பக்கத்திலிருப்பவள் வாங்குவதைப் பார்த்துத் தீரவேண்டும்.

பார்த்தாள். ஆர்கன் அத்தையும் வாங்கவில்லை.

அவளும் கைகளை மார்பின்மேல் குறுக்கே மடித்திருந்தாள். போதகர் இந்த முறை உண்மையாகவே தடுமாறிப்போனார். தம் சபையின் ஆர்கன்காரி, தம் கையால் ஞானஸ்நானம் பெற்றவள், இது என்ன புதுமை? ஆயினும் அவள் தலைமேலும் கை வைத்தார். கிண்ணம் தந்தைக்கும் மகளுக்கும் போய், இரு பெண்களையும் தொடாமல் பீடத்துக்குத் திரும்பிற்று.

தையற்காரியின் கண்கள் அந்தக் கைகளைவிட்டு அகலவில்லை. இடக்கை மேலே இருந்தது.

அப்படி மடிக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். தம்பி குழந்தையாய் இருந்தபோது, எதிரே நிறுத்தி, "இப்படி மடிச்சுக்கோடா" என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். அவன் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். பிறகு எத்தனை முறை குட்டியும் மாறவில்லை. மீசை முளைத்த பின்னும் அவனுக்கு இடக்கைதான் மேலே. ஆர்கன் அத்தையும் அவனுக்கு எதிரே நின்று கற்றிருந்தால், மறுபடி திரும்பி, வலக்கை மேலே வந்திருக்கும். எதிரே நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கற்றிருக்கிறாள்.

தையற்காரி மெல்லத் தலையைத் திருப்பி மேல்மாடத்தைப் பார்த்தாள். மோட்டார், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் பார்வை பட்டதும் குனிந்து, ஓடாத மோட்டாரைத் தீவிரமாய் ஆராயத் தொடங்கினான்.

ஆராதனை முடிந்ததும் மேல்மாடப் படிக்கட்டின் அடியில் அவளைப் பிடித்தாள். ஆர்கன் அத்தை படியில் உட்கார்ந்து, வாசிப்பதற்கென்று வைத்திருக்கும் மெல்லிய அடியுள்ள காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கையை மடிச்சே?"

"நீங்க மடிச்சீங்களே அக்கா."

"நான் மடிச்சா எனக்கு ஒரு காரணம் இருக்கு. உனக்கு என்ன கேடு? இது உன் சபை."

"பெத்த அம்மா நீங்க வாங்காம இருக்கறப்போ, பக்கத்துல நான் மட்டும் வாங்கிட்டு முழிச்சா நல்லாவா இருக்கும்? இன்னிக்கு உங்க நாள் அக்கா. பொடிசுகிட்ட 'நான் வர்றேன்'னு சொன்னதே தப்புன்னு, நீங்க வந்தப்பதான் உறைச்சுது."

தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுப்பதில் போட்டி என்றால் விட்டுக்கொடுப்பதிலுமா போட்டி? தன்னை வெறுக்கக்கூட நிம்மதியாய் விடமாட்டாளா இவள்?

"அந்த மடிப்பு யாரு கத்துக்கொடுத்தது? உங்க ஆளுங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்களே."

ஆர்கன் அத்தை காலணியை உறைக்குள் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் உங்க கோயிலுக்கு வருவேன். கடைசி வரிசையில."

"தனியாவா?"

"உங்க தம்பியோட."

தெரிந்த செய்திதான். ஆனாலும் காதில் விழும்போது வேறுமாதிரி இருந்தது.

"அதான் வாரம் தவறாம மோட்டார் ரிப்பேரு!"

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு அக்கா," என்றாள் அவள் தலையைக் குனிந்தபடி.

முறையாகப் பார்த்தால் தையற்காரிக்கு அந்த நொடி நெஞ்சில் பால் வார்த்திருக்க வேண்டும். பதினாறு ஆண்டுச் சந்தேகம் ஒரு படிக்கட்டடியில் செத்து விழுந்தது. அவள் வேண்டியபடியே எல்லாம் அமைந்துவிட்டது; தாய்மாமன் மனைவியாகிறவள் பொடிசுக்கு உண்மையாகவே அத்தைதான். நிம்மதி வரத்தான் செய்தது. ஆனால் அது உட்காருவதற்குள் வேறொன்று வந்து அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. தம்பி! காய்ச்சலில் அவள் மடியில் கிடந்த தம்பி, தொண்டையில் முள் குத்தினாலும் 'அக்கா' என்று ஓடி வருகிற தம்பி, ஒரு சொல் சொல்லவில்லையே. கணவரை எடுக்காதவள் தம்பியை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னொண்ணு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன்." ஆர்கன் அத்தை குரலைத் தாழ்த்தினாள். "நான் உங்க சபையிலயே சேர்ந்துடப் போறேன். ஃபாதர்கிட்ட பேசிட்டேன். அடுத்த மாசம் சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"அப்போ ஆர்கன்?"

அவள் கண்கள் ஒரு கணம் மேல்மாடத்துக்குப் போய்த் திரும்பின. "வேற யாராவது வாசிப்பாங்க. உங்களையும் அத்தானையும் பார்த்துட்டுத்தானே இருக்கேன். ஞாயித்துக்கிழமையானா நீங்க ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். என்னால அது முடியாது அக்கா. ஆனா உங்க தம்பிகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா, எனக்காக நீ ஆர்கனை விடக்கூடாதுன்னு தடுப்பார். சேர்ந்த பிறகு சொல்லிக்கலாம். நீங்க வாயைத் திறந்துடாதீங்க."

என் கோயிலும் போயிற்று, என்று நினைத்தாள் தையற்காரி.

வீட்டில் பொடிசு வெள்ளையுடையைக் கழற்ற மறுத்து, அப்படியே சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாய் இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்லிவச்சு மடிச்சீங்களா? போதகர் என்னை ஓரமா கூட்டிட்டுப்போய், 'மூப்பரே, உங்க வீட்டுல என்ன நடக்குது?'ன்னு கேக்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனான்னு சொன்னேன்."

பொடிசு சிரித்தாள். பிறகு தன் இடக்கையை நீட்டிக் காட்டினாள். "பாரும்மா, நீ பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிருக்கு. ஏம்மா வாங்கலை? வாங்கத்தானே வந்தே?"

"பசி வேற, ருசி வேற. எனக்கு அப்போ சரியான பசி இல்லை."

பொடிசுக்கு அது விளங்கவில்லை. "போகட்டும். நீ வந்தியே," என்றாள். உடையின் கைமடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "அதுதான் எனக்கு வேணும்," என்றும் சொன்னாள்.

தையற்காரி எழுந்து தையல் அறைக்குப் போய்விட்டாள். அழுவதானால் அங்கேதான் அவளுக்கு அழ வரும்.

ஆனால் அங்கே தம்பி நின்றான்.

"அக்கா, கோபமா?"

"யாருடா நீ?"

"சரி, திட்டு. திட்டிட்டுக் கேளு." அவன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் அமர்ந்து, பொத்தான் டப்பாவை உருட்டினான். "நான் அந்தப் பக்கம் சேர்ந்துடலாம்னு இருக்கேன். லுத்தரன் சபையில. போதகர்கிட்ட பேசிட்டேன், அடுத்த மாசம்னு சொல்லியிருக்கார். அவளால ஆர்கனை விட்டுட்டு இருக்க முடியாதுக்கா. மூச்சு மாதிரி அவளுக்கு. விட்டா எனக்காக விட்டுடுவா, அதான் அவகிட்ட சொல்லலை. முடிஞ்ச பிறகு தெரியட்டும். நீயும் சொல்லிடாதே."

தையற்காரி அவனைப் பார்த்தாள். உலகத்தில் இவ்வளவு பெரிய மூடர்கள் இருவரை ஆண்டவர் ஒரே தெருவில் படைத்திருக்கிறாரே! இவன் அந்த வாசலில் நுழைகிற மாதம் அவள் இந்த வாசலில் நுழைவாள். ஆளுக்கொரு பக்கம் என்கிற அதே பாடு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அந்த ஆர்கனும் ஊமையாகும்.

அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எல்லாம் நேராகிவிடும்.

எந்தப் பக்கம் நேராகும்? ஆர்கன்காரி இந்தப் பக்கம் வந்தால் தம்பி தன் பக்கமே நிற்பான். ஆனால் சனிக்கிழமைதோறும் அவன் பக்கத்தில் அவள். தம்பி அந்தப் பக்கம் போனால், கணவர், மகள், தம்பி, அவள் நால்வரும் ஒரே கிராதியில். தான் மட்டும் பின்வரிசையில், துணியைப் பார்த்துக்கொண்டு. வாயைத் திறக்காவிட்டால்? இருவரும் ஒருவரையொருவர் கடந்துபோய், திரும்பிப் பார்த்து, ஏமாந்து... பிறகு திருமணமே வேண்டாம் என்றும் போகலாம்.

அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாய் இருந்ததோ, அவ்வளவுக்கு அவளுக்கு அச்சமாயிற்று.

"என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?"

கூடத்திலிருந்து பொடிசின் குரல் வந்தது. "அம்மா, அத்தை வந்திருக்காங்க! என் பருத்தி நாடாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாங்களாம்!"

ஆர்கன் அத்தை கதவருகே வந்து நின்றாள். உள்ளே மோட்டாரைக் கண்டதும் முகம் சிவந்தது. அவன் பொத்தான் டப்பாவைக் கீழே போட்டான். பொத்தான்கள் அறையெங்கும் உருண்டன. இருவரும் ஒரே நேரத்தில் தையற்காரியைப் பார்த்தார்கள்; சொல்லிவிடாதே என்று ஒரே பார்வை, இரண்டு முகங்களில்.

"என்ன அக்கா பேசிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள் ஆர்கன் அத்தை.

தையற்காரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இயந்திரத்தின்முன் உட்கார்ந்தாள். "வேலை இருக்கு. கிடக்கிறதைப் பொறுக்குங்க ரெண்டு பேரும்," என்று சொல்லி, மிதியை அழுத்தி மிதித்தாள். யார் என்ன பேசினாலும் காதில் விழாதபடி இயந்திரம் தடதடவென்று ஓடிற்று.

ஊசிக்கு அடியில் துணி இல்லை.